லேப்டாப்போடு உட்கார்ந்து வேலை செய்ய ஏற்ற காபி ஷாப்பைக் கண்டுபிடிப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சில வருடங்களாக வாரத்தில் மூன்று நாளாவது ஏதாவது ஒரு காபி ஷாப்பில் உட்கார்ந்துதான் வேலை செய்கிறேன். அது தெரிந்த நாளிலிருந்து நண்பர்களும் நண்பர்களின் நண்பர்களும் ஒரே சந்தேகங்களோடு வந்துகொண்டிருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனியாகப் பதில் சொல்லி அலுத்துவிட்டதால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதிவைத்திருக்கிறேன். எளிய கேள்விகள் முதலில், வில்லங்கமானவை பிறகு. கடைகளின் பெயர்ப்பட்டியலை எதிர்பார்த்து வந்தவர்களுக்கு ஏமாற்றம்தான். அப்படிப்பட்ட பட்டியல் ஆறு மாதத்தில் பழசாகிவிடும்.

வீட்டிலேயே நெட் இருக்கிறதே, எதற்குக் காசு கொடுத்துக் கடையில் போய் உட்கார வேண்டும்?

தேவைப்படாவிட்டால் போக வேண்டாம். வீட்டில் தனி அறையும் நல்ல நாற்காலியும் இருப்பவருக்கு காபி ஷாப் ஒரு மாறுதல், அவ்வளவுதான். ஒரே அறையில் நான்கு பேர் புழங்கும் வீட்டில் இருப்பவருக்கும், நாள் முழுக்க யார் முகத்தையும் பார்க்காமல் வேலை செய்பவருக்கும் அது வேறு விஷயம்.

அமெரிக்கச் சமூகவியலாளர் ரே ஓல்டன்பர்க், 1989-ல் வெளியான தன் புத்தகத்தில், வீட்டை முதல் இடம் என்றும் வேலை செய்யும் இடத்தை இரண்டாம் இடம் என்றும் வைத்துக்கொண்டு, காபி ஷாப் போல மனிதர்கள் சும்மா கூடிப் பேசும் இடத்துக்கு 'மூன்றாம் இடம்' என்று பெயர் வைத்தார். நாம் செய்வது என்னவென்றால், இரண்டாம் இடத்தைப் பையில் போட்டுத் தூக்கிக்கொண்டு போய் மூன்றாம் இடத்தில் விரிக்கிறோம். கீழே வரும் உரசல்களில் பாதி இதனால் வருபவைதான்.

சரி, எங்கிருந்து தேட ஆரம்பிப்பது?

மேப்பிலிருந்துதான். ஆனால் அதில் 'வைஃபை உண்டு' என்று போட்டிருப்பதை நம்பிக் கிளம்பாதீர்கள். கடையைத் திறந்த அன்று யாரோ பதிவு செய்ததாக இருக்கும். விமர்சனங்களுக்குள் 'லேப்டாப்', 'வைஃபை', 'ப்ளக்', 'வேலை' என்று தேடிப் பாருங்கள். புதியவை முதலில் வரும்படி வரிசைப்படுத்திக்கொள்ளுங்கள். நமக்கு மிகவும் உதவுகிற விமர்சனம் பெரும்பாலும் ஒரு ஸ்டார் விமர்சனமாக இருக்கும்: 'எல்லா மேசையிலும் லேப்டாப்பை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள், குடும்பத்தோடு போனால் இடமே இல்லை' என்று ஒருவர் திட்டியிருந்தால், அந்தக் கடையைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது படங்கள். கடைக்காரர் போட்ட படங்களில் காபியும் பூந்தொட்டியும்தான் இருக்கும். வாடிக்கையாளர்கள் எடுத்த படங்களில் பின்னணியைப் பாருங்கள்: சுவரின் அடிப்பகுதியில் ப்ளக் பாயின்ட் தெரிகிறதா, நாற்காலிக்கு முதுகு இருக்கிறதா, யாராவது லேப்டாப்போடு இருக்கிறார்களா. பத்து படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தால் ஒரு நடை மிச்சம்.

மேப்பில் கிடைக்காத கடைகளுக்குக் கால்தான் வழி. பிரதான சாலையில் கண்ணாடி வைத்த கடையைவிட, அதே சாலையின் குறுக்குத் தெருவிலோ மாடியிலோ இருக்கும் கடையில் நமக்கு இடம் கிடைக்க வாய்ப்பு அதிகம். வழிப்போக்கர் கூட்டம் குறைவு, அதனால் மேசையைக் காலி செய்யும் அவசரமும் குறைவு.

முதல் தடவை உள்ளே போனதும் எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

முதல் தடவை வேலையோடு போகாதீர்கள், அதுதான் முதல் விதி. ஒரு காபி குடிக்கிற சாக்கில் போய் நோட்டம் விடுங்கள். நான் ஒருமுறை முக்கியமான வேலையை ஒப்படைக்க வேண்டிய நாளில் ஒரு புதுக் கடைக்குப் போனேன். வைஃபை கடவுச்சொல்லை முந்தின நாள்தான் மாற்றியிருந்தார்கள். மாற்றியவர் அன்று லீவு. செல்போன் நெட்டை வைத்துக்கொண்டு, சிக்னல் கிடைத்த மாடிப்படியில் உட்கார்ந்துதான் முடித்தேன்.

மேசையின் உயரம் முக்கியம். சாதாரண எழுதுமேசை 72 முதல் 75 சென்டிமீட்டர் உயரம் இருக்கும். சோபாவுக்கு முன்னால் போடும் குட்டை மேசை 45 சென்டிமீட்டர்கூட இருக்காது. அரை மணி நேரம் குனிந்து தட்டினாலே முதுகு கேள்வி கேட்கும். ப்ளக் பாயின்ட் இருந்தால் செல்போன் சார்ஜரைச் செருகி மின்சாரம் வருகிறதா என்று பாருங்கள்; சுவரில் இருப்பதெல்லாம் உயிரோடு இருப்பதில்லை. ஜன்னல் உங்கள் பக்கவாட்டில் இருக்கட்டும். முதுகுக்குப் பின்னால் இருந்தால் திரையில் வெளிச்சம் அடிக்கும், வீடியோவில் உங்கள் முகமும் கருப்பாகத் தெரியும். தலைக்கு நேர்மேலே ஏசி காற்று வருகிறதா என்பதையும் கவனியுங்கள். அரை மணி நேரத்துக்குச் சுகமாக இருப்பது மூன்றாவது மணி நேரத்தில் விரல்களை விறைக்க வைத்துவிடும். அப்புறம், கழிவறை இருக்கிறதா என்று பாருங்கள். சிரிக்காதீர்கள், நான்கு மணி நேரம் உட்காரப் போகிறீர்கள்.

கடைசியாக, மற்ற மேசைகளை எண்ணுங்கள். ஒரு லேப்டாப்கூட இல்லையென்றால் அதற்குக் காரணம் இருக்கும். எல்லா மேசையிலும் இருந்தால் உங்களுக்கு இடம் கிடைக்காது. இரண்டு மூன்று பேர் நிம்மதியாக உட்கார்ந்திருந்தால் நல்ல அறிகுறி.

எந்த நேரத்தில் போனால் இடம் கிடைக்கும்?

கடையைத் தேடுகிறோம் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். என் அனுபவத்தில் நாம் தேட வேண்டியது நேரத்தை. ஒரே கடை காலை பத்து மணிக்கு நூலகம் மாதிரி இருக்கும், ஒரு மணிக்குச் சந்தை மாதிரி இருக்கும். அலுவலகப் பகுதிக் கடைகளில் காலையில் வாங்கிக்கொண்டு ஓடுபவர்களின் கூட்டம் அடங்கியதிலிருந்து மதிய உணவு வேளை வரைக்கும், அப்புறம் மதியக் கூட்டம் கலைந்ததிலிருந்து மாலை வேலை விடும் வரைக்கும் காற்று வாங்கும். குடியிருப்புப் பகுதிகளில் வார நாளின் பகல் முழுவதும் கிட்டத்தட்ட காலிதான். ஆனால் விடுமுறை நாளில் அங்கே போகவே போகாதீர்கள்.

கூகுள் மேப்பில் பல கடைகளுக்குக் கீழே, எந்த மணியில் எவ்வளவு கூட்டம் என்று பட்டை வரைபடம் இருக்கும். அதில் இரண்டு மேடுகளுக்கு நடுவில் ஒரு பள்ளம் தெரியும். அந்தப் பள்ளம்தான் உங்கள் நேரம்.

ஒரு காபி வாங்கிக்கொண்டு எவ்வளவு நேரம் உட்காரலாம்?

என்னிடம் அதிகம் கேட்கப்பட்ட கேள்வி இது. கேட்பவர்கள் ஒரு எண்ணை எதிர்பார்க்கிறார்கள். எண்ணைச் சொல்வதற்கு முன்னால் கடைக்காரரின் இடத்தில் உட்கார்ந்து பாருங்கள்.

இருபது இருக்கை உள்ள ஒரு கடை என்று வைத்துக்கொள்வோம். வருபவர் சராசரியாக நாற்பது நிமிடம் இருந்துவிட்டுப் போகிறார். ஒரு இருக்கையில் நான்கு மணி நேரத்தில் ஆறு பேர் உட்காரலாம், ஆறு பில். அதே இருக்கையில் நீங்கள் ஒரே காபியோடு நான்கு மணி நேரம் இருந்தால் ஒரு பில். வாடகை, சம்பளம், ஏசி எதுவும் உங்களுக்காகக் குறையாது. இது கூட்ட நேரக் கணக்கு. கடை காலியாக இருக்கும் நேரத்தில் கணக்கு தலைகீழ்: உங்களால் யாரும் திரும்பிப் போகவில்லை, ஆள் இருக்கிற கடைக்குள்தான் அடுத்த ஆளும் தைரியமாக நுழைவார். அதனால்தான் முந்தைய பதிலில் நேரத்தைப் பற்றி அவ்வளவு சொன்னேன். பள்ளமான நேரத்தில் நீங்கள் விருந்தாளி, மேடான நேரத்தில் சுமை.

எண் வேண்டுமென்றால் நான் கடைப்பிடிப்பது இது: காலியான கடையில் ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை ஏதாவது வாங்குவேன். கூட்டம் சேரத் தொடங்கினால் மணிக்கு ஒன்று, இல்லாவிட்டால் எழுந்துவிடுவேன். நின்றுகொண்டு இடம் தேடுபவர்களை லேப்டாப் மூடிக்கு மேலே பார்த்த பிறகும் உட்கார்ந்திருந்தால் என்னால் வேலை செய்ய முடிவதில்லை. நான்கு பேர் மேசையில் ஒற்றை ஆளாக உட்காராதீர்கள், எவ்வளவு நேரம் இருந்தாலும் சரி.

நேரடியாகவே கேட்டுவிடலாமா? ஏதாவது நினைத்துக்கொள்வார்களோ?

கேளுங்கள். 'இரண்டு மணி நேரம் இங்கே வேலை செய்யலாம் என்று இருக்கிறேன், எந்த மேசை உங்களுக்கு வசதி?' என்று கேட்டுப் பாருங்கள். 'உட்காரலாமா?' என்று கேட்டால் ஆமாம் அல்லது இல்லை என்று பதில் வரும். 'எந்த மேசை?' என்று கேட்டால், ப்ளக் பாயின்ட் இருக்கும் மூலையை அவர்களே காட்டிவிடுவார்கள், வைஃபை எந்த இடத்தில் சரியாக எடுக்கும் என்பதும் சேர்ந்து வரும். நாள் முழுக்க அங்கேயே நிற்கும் ஊழியருக்குத் தெரிந்தது எந்த மேப்புக்கும் தெரியாது.

வைஃபை எவ்வளவு வேகம் இருந்தால் போதும்?

நீங்கள் நினைப்பதைவிடக் குறைவு. ஜூம் நிறுவனமே சொல்லும் கணக்கில், இருவர் பேசும் சாதாரண வீடியோவுக்கு இரண்டு பக்கமும் 600 கேபிபிஎஸ் (நொடிக்கு 600 கிலோபிட்) போதும். 720பி (எச்டி) தரத்துக்கு 1.2 எம்பிபிஎஸ், அதாவது 1,200 கேபிபிஎஸ். குரல் மட்டும் என்றால் 60 முதல் 80 கேபிபிஎஸ். மின்னஞ்சலுக்கும் எழுத்து வேலைக்கும் இதைவிடப் பெரிதாக எதுவும் வேண்டாம். ஆக, வேகப் பரிசோதனையில் பதிவிறக்கம் 50 எம்பிபிஎஸ் என்று வந்ததும் மயங்காதீர்கள். அப்லோடு எவ்வளவு என்று பாருங்கள். பல இணைப்புகளில் அது பதிவிறக்கத்தில் ஒரு சிறு பங்குதான், மீட்டிங்கில் உங்கள் குரல் போவது அந்த வழியாக. பிங் எண் (தகவல் போய்த் திரும்ப ஆகும் நேரம்) ஒவ்வொரு தடவையும் தாவித் தாவி வந்தாலும் பேச்சு அறுந்து அறுந்துதான் கேட்கும். இரண்டு நிமிட இடைவெளியில் மூன்று தடவை சோதித்துப் பார்த்தால் கடையின் குணம் தெரிந்துவிடும்.

கடைக்குள் எங்கே உட்காருகிறீர்கள் என்பதும் கணக்கில் வரும். 2.4 ஜிகாஹெர்ட்ஸ் அலைவரிசை தூரம் போகும், ஆனால் வேகம் குறைவு, நெரிசல் அதிகம். 5 ஜிகாஹெர்ட்ஸ் வேகமானது, சுவர் வந்தால் சோர்ந்துவிடும். இரண்டு பெயரில் வைஃபை காட்டினால், ரவுட்டருக்கு அருகில் இருக்கும்போது ஐந்தைத் தேர்ந்தெடுங்கள். கவுன்டருக்குப் பின்னால் மைக்ரோவேவ் அடுப்பு இருந்தால் அது இயங்குவதும் 2.45 ஜிகாஹெர்ட்ஸில்தான். யாராவது எதையாவது சூடாக்கும்போதெல்லாம் பக்கத்து மேசையில் நெட் திணறினால் அது உங்கள் பிரமை இல்லை.

வைஃபை சேர்ந்துவிட்டது என்று காட்டுகிறது, ஆனால் லாகின் பக்கமே வரவில்லை. என்ன செய்வது?

கடை வைஃபைகள் நீங்கள் திறக்கும் முதல் பக்கத்தை வழிமறித்து, தங்கள் லாகின் பக்கத்தைக் காட்டப் பார்க்கும். இன்று பெரும்பாலான தளங்கள் எச்டிடிபிஎஸ் என்ற குறியாக்க முறையில் பூட்டியிருப்பதால் அவற்றை நடுவில் மாற்ற முடியாது. வெறும் பிழைதான் வரும். பூட்டு இல்லாத ஒரு பக்கத்தைத் திறந்தால் லாகின் பக்கம் எட்டிப் பார்க்கும். இதற்காகவே 'நெவர்எஸ்எஸ்எல்' என்று ஒரு தளம் இருக்கிறது. புக்மார்க் செய்துகொள்ளுங்கள்.

அதற்கும் வரவில்லையென்றால் விபிஎன்-ஐ (உங்கள் போக்குவரத்தை மறைத்து வேறொரு சர்வர் வழியாக அனுப்பும் செயலி) அணைத்துவிட்டு முயலுங்கள், உள்ளே போன பிறகு மறுபடி போட்டுக்கொள்ளலாம். ஆண்ட்ராய்டு போனில் 'பிரைவேட் டிஎன்எஸ்' (தளங்களின் முகவரியைத் தேடும் வேலையை வேறொரு சர்வரிடம் விடும் வசதி) அமைத்திருந்தால் அதுவும் குறுக்கே நிற்கலாம்.

பொது வைஃபையில் வங்கி வேலை, ஆபீஸ் வேலை எல்லாம் செய்யலாமா? ஹேக் ஆகிவிடும் என்கிறார்களே?

பத்து வருடங்களுக்கு முன்னால் இருந்த அளவுக்குப் பயம் இப்போது வேண்டாம். மேலே சொன்ன எச்டிடிபிஎஸ் பூட்டு இங்கே உங்களுக்குச் சாதகம். பக்கத்து மேசைக்காரர் உங்கள் போக்குவரத்தைப் பிடித்தாலும் எந்தத் தளத்துக்குப் போகிறீர்கள் என்று தெரியலாம், உள்ளே என்ன செய்கிறீர்கள் என்று தெரியாது. உலாவி சான்றிதழ் எச்சரிக்கை காட்டினால் மட்டும் 'பரவாயில்லை, தொடர்' என்று அழுத்தாதீர்கள். பூட்டு உடைக்கப்படலாம் என்பதற்கான அறிகுறி அது ஒன்றுதான், அதையும் நாமே தட்டிவிடக் கூடாது.

கவனிக்க வேண்டியது போலி வைஃபை. கடையின் பெயரிலேயே யார் வேண்டுமானாலும் ஒரு ஹாட்ஸ்பாட் போடலாம். பெயரைக் கவுன்டரில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். லாகின் பக்கம் மின்னஞ்சல் கேட்டால் கொடுங்கள், மின்னஞ்சலின் கடவுச்சொல்லைக் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். விண்டோஸில் இணைப்பைப் 'பொது' என்று குறித்துவைத்தால் உங்கள் கணினி அங்கே இருக்கும் மற்ற கணினிகளுக்குத் தெரியாது. வங்கி வேலைக்கு நான் செல்போன் நெட்டுக்கு மாறிவிடுவேன். கட்டாயம் இல்லை, மன நிம்மதிக்கு.

கடை வைஃபை ஒரு மணி நேரத்தில் துண்டித்துவிடுகிறது. மேக் முகவரியை மாற்றினால் மறுபடி கிடைக்கும் என்கிறானே நண்பன்?

பல இடங்களில் கிடைக்கும். மேக் முகவரி என்பது வைஃபை உங்கள் கருவியை அடையாளம் காணும் எண். 2020-ல் வந்த ஐஓஎஸ் 14-லிருந்தும், அதற்கு முந்தைய வருடம் வந்த ஆண்ட்ராய்டு 10-லிருந்தும் போன்களே வைஃபைக்கு வைஃபை வேறு மேக் முகவரியைக் காட்டுகின்றன. ஆனால் அந்த ஒரு மணி நேரம் ரவுட்டரின் பழுது கிடையாது. கடைக்காரர் வாய்விட்டுச் சொல்லக் கூச்சப்பட்டு மிஷின் மூலம் சொல்லியிருக்கிறார். இன்னொரு காபி வாங்கி, புது கடவுச்சொல் தருவார்களா என்று கேளுங்கள். பெரும்பாலும் தந்துவிடுவார்கள்.

ப்ளக் பாயின்ட் இல்லாத நல்ல கடை ஒன்று இருக்கிறது. எப்படிச் சமாளிப்பது?

வீட்டிலிருந்து முழு சார்ஜோடு கிளம்புங்கள் என்பது எல்லோருக்கும் தெரியும், பாதிப் பேர் செய்வதில்லை. திரை வெளிச்சத்தைக் குறைப்பதுதான் பேட்டரியை அதிகம் மிச்சப்படுத்தும். வீடியோ மீட்டிங்தான் அதிகம் குடிக்கும்.

பவர் பேங்க் வாங்குவதாக இருந்தால் எம்ஏஎச் (மில்லி ஆம்பியர்-மணி) எண்ணை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். 20,000 எம்ஏஎச் என்பது பேட்டரியின் 3.7 வோல்ட் கணக்கில் 74 வாட்-மணி. மாற்றத்தில் வீணாவது போக, 50-60 வாட்-மணி பேட்டரி உள்ள லேப்டாப்பை ஒருமுறை நிரப்பினால் பெரிய விஷயம். அதைவிட முக்கியம், யூஎஸ்பி-சி வழியாக 45 அல்லது 65 வாட் தரக்கூடியதா என்பது. செல்போனுக்கான 18 வாட் பவர் பேங்கைப் பெரும்பாலான லேப்டாப்கள் சட்டைசெய்யாது. உங்கள் சார்ஜரின் மேல் எழுதியிருக்கும் வாட்டைப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

ப்ளக் இருக்கும் கடையில் மூன்று பின் எக்ஸ்டென்ஷன் ஒன்றைப் பையில் வைத்துக்கொள்வது நல்லது, மேசையைப் பகிர்பவர் உடனே நண்பராகிவிடுவார். ஆனால் வயரை நடைபாதையின் குறுக்கே போடாதீர்கள். சுடச்சுடக் காபி தட்டோடு வருபவரின் கால் அதில் மாட்டினால் என்ன ஆகும் என்று ஒருமுறை கண்ணால் பார்த்திருக்கிறேன்.

கடைச் சத்தத்தில் எப்படி வேலை ஓடும்? எனக்கு வீட்டில் ஃபேன் சத்தமே தாங்காது.

ஆளுக்கு ஆள், வேலைக்கு வேலை மாறும். ரவி மேத்தா, ரூய் சூ, அமர் சீமா ஆகிய மூவர் 2012-ல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். புதிதாக யோசிக்க வேண்டிய வேலைகளை, 50 டெசிபல் அமைதியில் இருந்தவர்களைவிட 70 டெசிபல் சத்தத்தில் இருந்தவர்கள் நன்றாகச் செய்தார்கள். 85 டெசிபலுக்குப் போனதும் அந்த நன்மை போய்விட்டது. 70 என்பது ஏறக்குறைய ஆட்கள் பேசிக்கொண்டிருக்கும் காபி ஷாப்பின் சத்தம்தான். ஆனால் இது யோசனை பிறக்க வேண்டிய வேலைக்கு. கணக்குச் சரிபார்க்கும் நாளில் இந்த ஆய்வை நம்பிக் கடைக்குப் போகாதீர்கள்.

இரைச்சல் குறைக்கும் ஹெட்போன், ஏசியின் உறுமல் போல ஒரே மாதிரி ஓடும் தாழ்ந்த சத்தத்தை நன்றாக விழுங்கும். பக்கத்து மேசையின் பேச்சையும் கோப்பை மோதும் ஒலியையும் அவ்வளவாக விழுங்காது. அதனால் கவுன்டரைவிட்டு விலகி, சுவரைப் பார்த்து உட்காருவது ஹெட்போனைவிட அதிகம் உதவும். இலவசமும்கூட.

கடையில் உட்கார்ந்து மீட்டிங் பேசலாமா?

கேட்கலாம், பேசக் கூடாது என்பது என் கட்சி. கேட்பது என்றால் ஹெட்போனில்தான். ஸ்பீக்கரில் போடுபவர்களைப் பற்றி எழுதினால் நாகரிகம் கெட்டுவிடும். இரண்டு நிமிடம் பதில் சொல்ல வேண்டியிருந்தால் தாழ்ந்த குரலில் சொல்லலாம், பத்து நிமிடம் என்றால் வெளியே போய்ப் பேசிவிட்டு வாருங்கள். போனில் பேசும்போது நம் குரல் நமக்குத் தெரியாமலே ஏறிவிடும். ஹெட்போன் காதை அடைத்திருந்தால் இன்னும் ஏறும்.

வீடியோவில் பின்னால் இருப்பவர்களும் விழுவார்கள், அவர்கள் அதற்குச் சம்மதிக்கவில்லை. முதுகுக்குப் பின்னால் சுவர் இருக்கும் இடமாகப் பாருங்கள், இல்லாவிட்டால் பின்னணியை மங்கலாக்குங்கள். செல்போன் நெட்டில் பேசினால், மேலே சொன்ன ஜூம் கணக்குப்படி ஒரு மணி நேரத்துக்கு அரை ஜிபியிலிருந்து ஒரு ஜிபி வரை போகும். மீட்டிங் நிறைந்த நாளை வீட்டுக்கே ஒதுக்கிவிடுவது நல்லது.

தனியாகப் போகிறேன். கழிவறைக்குப் போகும்போது லேப்டாப்பை என்ன செய்வது?

எடுத்துக்கொண்டு போங்கள். மேசையில் ஒரு நோட்டுப் புத்தகமோ பாதிக் காபியோ இருந்தால் இடம் உங்களுடையது என்று புரிந்துவிடும். பக்கத்து மேசைக்காரரிடம் 'கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள்' என்று சொல்வது பரவலான வழக்கம். நானும் சொல்லியிருக்கிறேன். ஆனால் அவர் யார் என்று நமக்கும் தெரியாது, யாராவது தூக்கிக்கொண்டு ஓடினால் துரத்த வேண்டிய கடமையும் அவருக்குக் கிடையாது.

கென்சிங்டன் பூட்டு மாட்டும் துளை உங்கள் லேப்டாப்பில் இருந்தால் ஒரு கம்பிப் பூட்டு வாங்கலாம், மெல்லிய புது மாடல்கள் பலவற்றில் அந்தத் துளையே இல்லை. திருட்டுப் போனால் பொருளைவிடத் தரவு பெரிய இழப்பு. தரவைக் குறியாக்கிப் பூட்டும் வசதியை, விண்டோஸில் பிட்லாக்கர், ஆப்பிள் மேக்கில் ஃபைல்வால்ட், போட்டிருக்கிறீர்களா என்று இன்றே பாருங்கள். இரண்டு நிமிடம் முகத்தைத் திருப்பினாலும் திரையைப் பூட்டும் பழக்கம் வரட்டும்: விண்டோஸ் விசையோடு எல், மேக்கில் கன்ட்ரோல், கமாண்ட், க்யூ மூன்றும் சேர்த்து.

கம்பெனி 'வீட்டிலிருந்து வேலை' என்றுதான் சொல்லியிருக்கிறது. கடையிலிருந்து செய்தால் பிரச்சினை வருமா?

வரலாம். சில ஒப்பந்தங்களில் வேலை செய்யும் முகவரி குறிப்பிட்டிருக்கும். மருத்துவப் பதிவு, வாடிக்கையாளர் கணக்கு, சட்ட ஆவணம் போன்றவற்றைப் பொது இடத்தில் திறக்கவே கூடாது என்று தனி விதி இருக்கும். விதியைப் படித்துவிட்டு, சந்தேகம் இருந்தால் மேலதிகாரியிடம் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். வாய்மொழியாக 'அதெல்லாம் பார்த்துக்கலாம்' என்று சொன்னவர் நாளைக்கு வேறு டீமுக்குப் போய்விடுவார்.

அனுமதி இருந்தாலும் திரை அடுத்தவர் கண்ணுக்குத் தெரியாமல் பார்த்துக்கொள்வது உங்கள் பொறுப்பு. பக்கவாட்டிலிருந்து பார்த்தால் கருப்பாகத் தெரியும் பிரைவசி ஃபில்ட்டர் ஒட்டலாம். பின்னால் நிற்பவருக்கு எதிராக அது உதவாது, சுவரோர இருக்கைதான் உதவும். பேச்சிலும் அப்படியே. போனில் வாடிக்கையாளரின் பெயரைச் சத்தமாகச் சொல்லி, அவருடைய நிலுவைத் தொகையையும் சொல்லிக்கொண்டிருந்த ஒருவரின் பக்கத்து மேசையில் நான் உட்கார்ந்திருக்கிறேன்.

நாள் முழுக்கக் கடையில் இருந்தால் எத்தனை காபிதான் குடிப்பது?

ஆரோக்கியமான பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 400 மில்லிகிராம் காஃபீன் வரை பொதுவாகப் பாதிப்பில்லை என்கிறது அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம். கர்ப்பிணிகளுக்கு ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் சொல்லும் அளவு 200. கோப்பையின் அளவும் தயாரிக்கும் முறையும் பொறுத்து ஒரு காபியில் 100 மில்லிகிராம் முன்னே பின்னே இருக்கும். குடித்ததில் பாதி உடலைவிட்டுப் போகவே ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆகும். மாலை ஐந்துக்குக் குடித்த காபியில் பாதி இரவு பத்துக்கும் உங்களுக்குள் இருக்கிறது.

இருக்கைக்குக் கொடுக்கும் வாடகை காபியாகத்தான் இருக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. இரண்டாவது பில்லுக்குக் காஃபீன் நீக்கிய காபி, சாறு, சாப்பிட ஏதாவது என்று மாறிக்கொள்ளுங்கள். எதுவும் இறங்காவிட்டால் வீட்டுக்குப் பார்சல் வாங்கலாம்.

'லேப்டாப் கூடாது' என்று பலகை வைத்திருக்கிறார்கள். இது நியாயமா?

நியாயம்தான். அவர் கடை. காபி ஷாப் மூன்றாம் இடமாகவே இருக்கட்டும் என்று ஒருவர் நினைத்தால், அங்கே பேசிக்கொண்டிருக்கும் மனிதர்கள் இருப்பார்கள், நமக்கு வேறு கடை இருக்கிறது. சில கடைகள் வார இறுதியில் மட்டும் தடை வைக்கும், சில கடைகள் லேப்டாப்புக்கென்று ஒரு நீளமான பொது மேசையை ஒதுக்கும். வெளிப்படையாக எழுதிவைக்கும் கடைக்காரரை எனக்குப் பிடிக்கும். மேசையைத் துடைக்கிற சாக்கில் நாலு தடவை வந்து போவதைவிட அது மேல்.

வேலைக்கான தனி இடமே எடுத்துவிட்டால் என்ன? கோ-ஒர்க்கிங் (பலர் பகிரும் வாடகை அலுவலகம்) மலிவா, கடை மலிவா?

ஒரு மாதம் கடையில் கொடுத்த பில்களைக் கூட்டிப் பாருங்கள். போகவரும் செலவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வாரத்துக்கு இரண்டு நாள் என்றால் அநேகமாகக் கடைதான் மலிவு. நான்கைந்து நாளும் முழு நேரம் என்றால் கோ-ஒர்க்கிங் மாதக் கட்டணத்தைத் தொட்டுவிடுவீர்கள், அங்கே நாற்காலி நன்றாக இருக்கும், பேசுவதற்கு அறையும் இருக்கும். இரண்டுக்கும் நடுவில் பொது நூலகத்தை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். பேச முடியாது, பல இடங்களில் குடிக்கவும் முடியாது, ஆனால் உங்களை எழுப்ப ஆள் வராது. நான் எழுத்து வேலைக்கு நூலகம், சில்லறை வேலைகளுக்குக் கடை, மீட்டிங்குக்கு வீடு என்று பிரித்துக்கொண்டேன்.

அருமையான கடை ஒன்று கிடைத்துவிட்டது. எல்லோருக்கும் சொல்லலாமா?

கடை பெரியதா? தாராளமாகச் சொல்லுங்கள், நல்ல விமர்சனமும் எழுதுங்கள். எந்த நேரத்தில் காலியாக இருக்கும், ப்ளக் எங்கே என்று எழுதினால் அடுத்தவருக்கும் உதவும், கடைக்காரருக்கும் பகல் வியாபாரம் கிடைக்கும்.

சிறிய கடை என்றால் கொஞ்சம் யோசியுங்கள். ஒரு நல்ல கடையைப் பற்றி ஒரு வாட்ஸ்அப் குழுவில் நான் பெருமையாகச் சொன்னேன். இரண்டு மாதத்தில் எல்லா மேசையிலும் லேப்டாப், மூன்றாவது மாதம் வைஃபையை எடுத்துவிட்டார்கள். கடைக்காரர் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை, எனக்குத்தான் கவுன்டர் பக்கம் பார்க்க முடியவில்லை. இப்போது நான் போகும் கடை எது என்று தயவுசெய்து கேட்காதீர்கள். மொத்தமே நான்கு ப்ளக் பாயின்ட்தான், அதில் ஒன்று வேலை செய்யாது.